மலை ஜீப்பில் சத்தம் குறைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வண்டி 2012 மாடல் டீசல் ஜீப், கேன்வாஸ் டாப். கொடைக்கானல் மலையில் இருக்கும் தாண்டிக்குடிக்கும் அடிவாரத்து வத்தலக்குண்டுக்கும் நடுவே மிளகு மூட்டை, காப்பி மூட்டை, சவ்சவ், சொந்தக்காரர்கள் எல்லாம் அதில்தான் ஏறி இறங்குகிறார்கள். சத்தம் தாங்காமல் தரை விரிப்பைக் கழற்றி, சத்தம் குறைக்கும் ஷீட் ஒட்டினேன். அன்றிலிருந்து பண்ணைக்காடு டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் யாராவது வந்து தரையைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேள்வி கேட்கிறார்கள். ஆள்தான் வேறு, கேள்வி அதேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

சத்தம் சுத்தமா நின்னுருமாண்ணே?

நிற்காது. ஜீப் ஜீப்தான், கார் ஆகாது. அந்த ஆசையோடு செலவு செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஒரு கணக்கு சொல்கிறேன். காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி தோன்ற வேண்டுமென்றால் சுமார் 10 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு) குறைய வேண்டும். வீட்டு வேலையாகச் செய்து அந்த அளவை எட்டுவது கஷ்டம். என் வண்டியில் எல்லாம் முடிந்த பிறகு போன் ஆப் காட்டிய வித்தியாசம் 6, 7 தான். ஆனால் ஊத்திலிருந்து பண்ணைக்காடு ஏறும்போது பின் சீட்டில் இருக்கும் அம்மா பேசுவது இப்போது காதில் விழுகிறது. முன்பெல்லாம் என்ன சொல்கிறார் என்று கேட்க வண்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது.

சத்தம் எங்கருந்துதான் வருது? எஞ்சினா, டயரா, காத்தா?

இதற்குப் பதில் தெரியாமல் ஷீட் வாங்கவே கூடாது. சமவெளியில் நான்குவழிச் சாலையில் 90-ல் போகிறவருக்குக் காற்றும் டயரும்தான் பெரிய தொல்லை. அவர் கதவையும் மேற்கூரையையும் கவனிப்பார். வீடியோக்களில் வரும் ஆலோசனை பெரும்பாலும் அவருக்கானது. நாம் காமக்காபட்டி தாண்டியதும் இரண்டாவது கியர், 25 கி.மீ. வேகம், எஞ்சின் மட்டும் நிமிஷத்துக்கு 2,000-க்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில் காற்றுச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு இழுவையைப் பிரிக்கும் பெட்டி), அப்புறம் குண்டும் குழியும் பாடியை உலுக்கும் கடகடப்பு, இவைதான் நம் சத்தம். எல்லாம் காலுக்கு முன்னாலிருந்தும் காலுக்கு அடியிலிருந்தும் வருபவை.

வரும் வழி இரண்டு. ஒன்று காற்று வழி: ஓட்டை, இடுக்கு, கிழிந்த ரப்பர் வழியாக நேரே உள்ளே வருவது. இன்னொன்று தகரம் வழி: எஞ்சினின் அதிர்வு சேஸிஸ் என்ற அடிச்சட்டத்துக்குப் போய், பாடிக்கு ஏறி, தரைத் தகரமே ஒரு பறை மாதிரி அதிர்வது. முதல் வழிக்கு அடைப்பு வேண்டும். இரண்டாவதற்கு அதிர்வைக் கொல்லும் ஷீட் வேண்டும். ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை இன்னொன்றுக்குச் செய்தால் காசு போகும், சத்தம் போகாது.

ஷீட்டு வாங்குறதுக்கு முன்னாடி செலவில்லாம என்ன பண்ணலாம்?

நிறைய. என் வண்டியில் குறைந்த சத்தத்தில் பாதிக்கு மேல் ஷீட் ஒட்டும் முன்பே குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஸ்பேனர் செட், பொறுமையான ஒரு ஆள், இவ்வளவு போதும். நீங்கள் ஓட்டுங்கள். அவர் பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு பொருளாகக் கையால் அழுத்திப் பிடிக்கட்டும். எதைப் பிடித்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. டெயில்கேட் கொக்கி, ஸ்டெப்னி பிராக்கெட், சீட் அடி போல்ட், முன் கண்ணாடி ஃப்ரேமின் கீல், நம்பர் பிளேட் வரை ஒன்று விடாமல் பாருங்கள். கியர்பாக்ஸ் போய்விட்டது என்று நான் ஆறு மாதம் பயந்துகொண்டிருந்த ஒரு கடகட, கடைசியில் சீட்டுக்கு அடியில் கிடந்த ஜாக்கி லீவர். பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிக் கட்டினேன், முடிந்தது.

அடுத்தது ஓட்டை. இரவில் ஒருவர் வண்டிக்கு உள்ளே டார்ச் அடிக்க, இன்னொருவர் பானெட்டைத் திறந்தும் வண்டிக்கு அடியில் படுத்தும் பார்க்க வேண்டும். எங்கெல்லாம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கெல்லாம் சத்தம் உள்ளே வருகிறது. பெடல் துளை, ஸ்டியரிங் ராடு போகும் இடம், வயர் போகும் இடத்தில் காணாமல்போன ரப்பர், எல்லாவற்றுக்கும் மேலாகக் கிழிந்துபோன கியர் பூட், அதாவது கியர் தண்டின் அடியைச் சுற்றியிருக்கும் உறை. பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி 99 பங்கை எவ்வளவு கனமாக மூடினாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. அந்த நூற்றில் ஒன்று பெரும்பாலும் கியர் பூட்டில்தான் இருக்கும். என் வண்டியில் மூன்று விரல் போகும் அளவுக்குக் கிழிந்திருந்தது. அது வழியாகக் குளிர்காலத்தில் சூடு வருகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஹார்டு டாப் (தகரக் கூரை) வண்டியானால் கதவு பீடிங்கையும், அதாவது கதவோர ரப்பரையும், சோதியுங்கள். ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுங்கள். இழுக்கும்போது பிடித்துக்கொண்டால் பீடிங் நன்றாக இருக்கிறது. வழுக்கிக்கொண்டு வந்தால் மாற்றுங்கள், அல்லது கதவின் பூட்டுக் கொக்கியைக் கொஞ்சம் உள்ளே தள்ளி முறுக்குங்கள்.

எந்தச் சத்தம் கோளாறு, எந்தச் சத்தம் சகஜம்னு எப்படிக் கண்டுபுடிக்கிறது?

ஷீட் ஒட்டிய பிறகு கோளாறின் குரலும் அமுங்கிவிடும். அதனால் இதை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். பட்டறையில் சொல்லிக் கொடுத்த சில அடையாளங்கள்: கிளட்சை மிதித்ததும் நிற்கும் உறுமல் கியர்பாக்ஸின் முன்பக்க பேரிங் பக்கம் கை காட்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது ஒரு சுருதி, விடும்போது வேறு சுருதி என்று ஊளையிட்டால் கிரவுன் பினியனை (அச்சின் நடுவே உள்ள பல்சக்கர ஜோடி) பார்க்கச் சொல்லுங்கள். வளைவில் ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் கூடி, மறுபக்கம் திரும்பும்போது குறையும் ‘ஊ…’ என்றால் வீல் பேரிங். காலை எடுத்து மறுபடி மிதிக்கும்போது அடியில் ‘டக்’ என்று ஒரு அடி விழுந்தால் புரொபெல்லர் ஷாஃப்டின் (சக்கர அச்சுக்கு இழுவையைக் கொண்டுபோகும் தண்டு) கிராஸ், அதன் மூட்டு.

ட்ரான்ஸ்ஃபர் கேஸின் மெல்லிய ஊளை, பழைய டீசல் எஞ்சினின் தட்டல், இவை பிறவிக் குணம். அவற்றோடுதான் வாழ வேண்டும். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் நைந்திருந்தால் மட்டும் யோசிக்காமல் மாற்றுங்கள். அந்தச் செலவில் குறையும் அதிர்வை எந்த ஷீட்டும் குறைக்காது.

ஷீட்டுன்னா எல்லாம் ஒண்ணுதானே? கடையில மூணு நாலு வகை காட்டுறாங்களே.

ஒன்றல்ல. வேலை மூன்று, அதற்குப் பொருளும் மூன்று. கோயில் மணியை அடித்துவிட்டுக் கையால் பிடித்தால் நின்றுவிடுகிறதே, அது முதல் வேலை. தகரத்தின் அதிர்வைப் பிடித்து நிறுத்துவது. அதற்குத்தான் மேலே அலுமினியத் தாள் ஒட்டிய பியூட்டில் (பிசுபிசுப்பான ரப்பர்) ஷீட். 2 மி.மீ. போதும். ஒட்டும் முன் தட்டினால் ‘டங்’, ஒட்டிய பின் ‘டொப்’.

இரண்டாவது, காற்று வழி வரும் சத்தத்துக்குக் கனமான தடுப்பு. இதற்கு எம்.எல்.வி. என்று சொல்லும் கனத்த வினைல் பாய். வழக்கமாகக் கிடைப்பது சதுர மீட்டருக்கு 5 கிலோ எடை. தடுப்பில் எடைதான் எல்லாம். எடையை இரண்டு மடங்காக்கினால் ஏட்டுக் கணக்கில் 6 டெசிபல் குறையும். ஆனால் இது இடைவெளி இல்லாமல் விரிந்தால்தான் வேலை செய்யும், ஓட்டைக் கணக்கு மேலே சொன்னதுதான். மூன்றாவது ஃபோம். தனியாக அது பெரிதாக எதையும் தடுக்காது. தகரத்துக்கும் கனத்த பாய்க்கும் நடுவே மெத்தை மாதிரி இருந்து, தகரத்தின் அதிர்வு பாய்க்கு ஏறாமல் பார்த்துக்கொள்ளும். வரிசை இதுதான்: தகரம், பியூட்டில், ஃபோம், கனத்த பாய், அதற்கு மேல் மேட்.

தார் ஷீட்டு மலிவாக் கெடைக்குதே, அதை ஒட்டுனா என்ன?

முதலில் ஒரு குழப்பம் தீரட்டும். தார் ஷீட் என்றால் மஹிந்திரா தார் வண்டிக்கான ஷீட் இல்லை, ரோடு போடும் தாரில் செய்தது. ஒருவர் இதை நம்பி வாங்கி வந்து என்னிடமே காட்டினார்.

கொடைக்கானல் குளிரில் அது விறைத்து வெடிக்கும். வத்தலக்குண்டு வெயிலில் நிறுத்தினால் இளகி நாறும். நாம் ஒரே நாளில் இரண்டு இடத்துக்கும் போகிறவர்கள். வேண்டாம்.

தரை பூரா ஒரு இஞ்ச் விடாம ஒட்டணுமா?

பியூட்டிலை அப்படி ஒட்டத் தேவையில்லை. ஒரு தட்டையான தகரத்தின் பரப்பில் கால் பங்கு முதல் பாதி வரை ஒட்டினாலே அதிர்வு பெருமளவு அடங்கிவிடும். அதற்கு மேல் ஒட்டுவது எடைக்கும் கடைக்காரருக்கும்தான் லாபம். எங்கே ஒட்டுவது என்று தட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். மடிப்பும் வரியும் உள்ள இடம் ஏற்கெனவே விறைப்பாக இருக்கும், அங்கே வேண்டாம். தட்டையாக, அகலமாக, பறை மாதிரி ஒலிக்கும் இடத்தின் நடுவில் ஒட்டுங்கள்.

கனத்த பாய் விஷயம் நேர் எதிர். அது ஓரத்திலிருந்து ஓரம் வரை, ஒரு துண்டும் இன்னொரு துண்டும் மேலேறி, மூட்டில் டேப் ஒட்டி இருக்க வேண்டும்.

டோர்ல ஒட்டச் சொல்றாங்களே, எங்க ஆரம்பிக்கிறது?

காசு கொஞ்சமாக இருந்தால் எஞ்சினுக்கும் நமக்கும் நடுவே உள்ள முன் தடுப்புச் சுவர், பிறகு கியர்பாக்ஸ் மேடு, பிறகு முன் சீட்டுக்கு அடித் தரை. இவை முடிந்தால் பின் சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு. கதவு கடைசி. காரணம் இரண்டாவது கேள்வியிலேயே இருக்கிறது: 25 கி.மீ. வேகத்தில் கதவு வழியாக வருவது கொஞ்சம்தான். கதவில் ஒட்டினால் சாத்தும்போது ‘தொம்’ என்று பெரிய வண்டிச் சத்தம் வரும், அதைக் கேட்டு மயங்கித்தான் எல்லோரும் அங்கே ஆரம்பிக்கிறார்கள்.

முன் சுவரில் ஒட்டும்போது டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கீழே, காலை மேலே வைத்துப் படுக்க வேண்டியிருக்கும். இளைய பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களை விடுங்கள். எனக்கு இரண்டு நாள் கழுத்து திரும்பவில்லை.

காப்பிச் சாக்கு, தேங்காநாரு, முட்டை அட்டை… இருக்கறத வெச்சுச் சமாளிக்க முடியாதா?

முட்டை அட்டையை விட்டுவிடுங்கள். அதில் எடையும் இல்லை, அடைப்பும் இல்லை. சாக்கும் நாரும் கொஞ்சம் வேலை செய்யும், பழைய டிரைவர்கள் தரை விரிப்புக்கு அடியில் சாக்கு போடுவது சும்மா இல்லை. ஆனால் இரண்டும் தண்ணீரைக் குடித்துவிட்டு வாரக்கணக்கில் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் வண்டிக்குள்ளேயே வந்து உட்காரும் ஊரில், சாக்கு போட்ட தரைக்கு இரண்டு மழைக்காலம்தான் ஆயுசு. பக்கத்துத் தோட்டத்து வண்டியில் சாக்கைத் தூக்கியபோது தரை சாக்கோடு சேர்ந்து அப்பளம் மாதிரி வந்தது. ஸ்பாஞ்சும் அப்படித்தான். கண்ணறைகள் மூடிய ஃபோம் மட்டும் வாங்குங்கள். ஒரு துண்டைத் தண்ணீரில் அமுக்கிப் பிழிந்தால் தெரிந்துவிடும்.

உள்ளூரில் கிடைக்கும் நல்ல மாற்று ஒன்று இருக்கிறது: மாட்டுத் தொழுவத்தில் போடும் ரப்பர் மேட். நிஜமான ரப்பராக, தூக்கினால் முதுகு பிடிக்கும் கனத்தில் இருக்க வேண்டும். லேசாக இருப்பது ஃபோம், அது இதற்கு உதவாது. எம்.எல்.வி.க்குப் பதிலாக முன் தரையில் அதைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறேன். சேற்றுக் காலோடு ஏறினாலும் கழற்றி ஹோஸ் அடித்துக் காயவைத்துத் திரும்பப் போட்டுவிடலாம். முதல் ஒரு மாதம் வண்டிக்குள் டயர் கடை வாசனை அடிக்கும். வெட்டும்போது கத்தியைச் சோப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டே வெட்டுங்கள், இல்லாவிட்டால் பாதியில் கத்தி சிக்கிக்கொள்ளும்.

மழைக்காலத்துல வண்டி சும்மாதானே நிக்குது, அப்ப ஒட்டிரலாமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஐப்பசியில் தோட்ட வேலை இல்லாத ஒரு வாரம், ஷெட்டுக்குள் நிறுத்தி, தரையைத் துடைத்து, அழகாக ஒட்டி முடித்தேன். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் ஓரங்கள் எல்லாம் வெற்றிலை மாதிரி சுருண்டிருந்தன. பார்க்கக் காய்ந்த மாதிரி இருந்த தகரத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாமல் பனி பூத்திருக்கிறது. பசை தகரத்தில் ஒட்டாமல் அந்த ஈரத்தில் ஒட்டியிருக்கிறது. ஷீட் பாதி வீண்.

மாசியில் மறுபடி செய்தேன். காலை பத்து மணிக்கு மேல், வண்டியை வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி, கை வைத்தால் தகரம் வெதுவெதுப்பாக இருக்கும்போது ஒட்டினேன். பழைய கிரீஸ் போக முதலில் டீசல், பிறகு சோப்புத் தண்ணீர், நன்றாகக் காய்ந்ததும் கடைசியில் தின்னரைத் துணியில் தொட்டு ஒரு துடைப்பு. தின்னர் அடிக்கும்போது கதவெல்லாம் திறந்திருக்கட்டும், பீடி பற்றவைக்கும் நண்பர்கள் தூரமாக இருக்கட்டும். ஷீட்டை வைத்ததும் சின்ன இரும்பு ரோலரால், அலுமினியத் தாளின் மேல் உள்ள புள்ளி வேலைப்பாடு நசுங்கித் தட்டையாகும் வரை அழுத்த வேண்டும். கையால் தடவிவிட்டால் ஒட்டாது. கொடைக்கானல், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு வெயில் மட்டும் போதாது, ஹீட் கன் வேண்டும்.

ஷீட்டுக்கு அடியில தண்ணி போனா துரு புடிக்காதா?

பிடிக்கும். இந்த வேலையில் என் பெரிய பயமே இதுதான். சத்தம் போகட்டும் என்று ஒட்டி, மூன்று வருஷத்தில் தரை போனால் என்ன பிரயோஜனம்? அதனால் ஒட்டும் முன் வெறும் தரையோடு வண்டியை நிறுத்தி, முன் கண்ணாடி மேல் பத்து நிமிஷம் ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடித்து, எங்கே ஒழுகுகிறது என்று உள்ளே உட்கார்ந்து பாருங்கள். கண்ணாடி ஃப்ரேமின் அடி ரப்பர், வைப்பர் மோட்டார் துளை, இந்த இரண்டில் ஒன்று நிச்சயம் அழும். அதைச் சரிசெய்து, இருக்கும் துருவைச் சுரண்டி, ப்ரைமர் அடித்து, இரண்டு நாள் காயவிட்டு, அப்புறம் ஷீட்.

தரையில் தண்ணீர் வெளியேற ரப்பர் மூடி போட்ட துளைகள் இருக்கும். அவற்றைச் சுற்றி வெட்டி ஒட்டுங்கள், மேலே மூடாதீர்கள். கதவின் அடியிலும் வரிசையாகச் சின்னத் துளைகள் உண்டு. கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் மழைத் தண்ணீர் அது வழியாகத்தான் வெளியே போகும். அடைத்தால் கதவு தண்ணீர்த் தொட்டி ஆகிவிடும். மேலே போடும் கனத்த பாயையும் மேட்டையும் ஒட்டாதீர்கள், சும்மா விரித்து வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை தூக்கிப் பாருங்கள். அடியில் ரத்தம் குடிக்கும் அட்டைப்பூச்சி இருக்கலாம், பதறாதீர்கள். உப்பு போதும்.

எடை கூடிட்டா ஏத்தத்துல வண்டி இழுக்காதுன்னு சொல்றாங்களே?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2 மி.மீ. பியூட்டில் சதுர மீட்டருக்குச் சுமார் 3 கிலோ. ஆறு சதுர மீட்டர் ஒட்டினால் 18 கிலோ. கனத்த பாய் நான்கு சதுர மீட்டர், 20 கிலோ. மொத்தம் 40 கிலோவுக்குப் பக்கம். முன் சீட்டில் ஒரு பள்ளிக்கூடப் பையன் ஏறின மாதிரி. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் பத்தில் ஒரு பங்கு பலம் இழக்கும். 2,100 மீட்டருக்கு மேல் இருக்கும் கொடைக்கானலில் வண்டி மூச்சு வாங்குவது அதனால். பழியை ஷீட்டின் மேல் போட வேண்டாம்.

போன் ஆப்புல அளந்து பாக்கலாமா, நம்பலாமா?

முன்னும் பின்னும் ஒப்பிட நம்பலாம். காட்டும் எண்ணே சரியான எண் என்று நம்ப வேண்டாம். அதே ரோடு, அதே கியர், அதே வேகம், போன் அதே இடத்தில். மழை பெய்யாத நாள். இன்னொன்று, இந்த ஆப்கள் பெரும்பாலும் காதின் இயல்புக்கு ஏற்ப அளப்பவை, அடித்தொண்டைச் சத்தத்தைக் குறைத்தே காட்டும். எண் மாறாமல் தலைவலி மட்டும் குறைந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

தெனமும் ஓட்டுறவங்களுக்குக் காது போயிருமா?

அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு, 85 டெசிபல் என்றால் நாளுக்கு எட்டு மணி நேரம். 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும்: 88-க்கு நான்கு மணி, 91-க்கு இரண்டு மணி. சந்தைக்குப் போய் வருகிற என்னைப் போன்றவர்களுக்குப் பிரச்சினை குறைவு. காலையிலிருந்து இரவு வரை டூரிஸ்ட் ட்ரிப் அடிக்கும் ஜீப் டிரைவர்கள்தான் யோசிக்க வேண்டும். வண்டியை நிறுத்திய பிறகும் காதில் ‘கொய்ங்’ என்று கேட்டுக்கொண்டே இருந்தால், காதை டாக்டரிடம் காட்டுங்கள்.

கேன்வாஸ் டாப் வண்டிக்கு இதெல்லாம் வீண்தானே?

முழு வீண் இல்லை. எஞ்சின் சத்தம் தரை வழியாகத்தான் முதலில் வருகிறது, அதைத் தடுத்தால் கேன்வாஸ் வண்டியிலும் வித்தியாசம் தெரியும், என் வண்டியே சாட்சி. இன்னும் சொன்னால், கேன்வாஸ் சத்தத்தை வெளியே விட்டுவிடும். தகர டாப் உள்ளேயே வைத்து உருட்டும். ஜிப் உடைந்து படபடக்கும் ஓரங்களை மட்டும் தையல்காரரிடம் கொடுத்து வெல்க்ரோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஹார்டு டாப் போட்டால் குளிரும் காற்றும் குறையும், ஆனால் மழை பெய்தால் தகர ஷெட்டுக்குள் உட்கார்ந்த மாதிரி. அதற்கு மேற்கூரையின் உள்பக்கம் பியூட்டில் ஒட்டினால் நல்ல பலன் தெரியும், சொட்டுச் சத்தம் மந்தமாகிவிடும். தலைக்கு மேல் என்பதால் கொஞ்சமாக, நன்றாக அழுத்தி ஒட்டுங்கள். டாப் மாற்றும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. உள்ளே ஷீட் ஒட்டுவதற்கு அந்தக் கவலை இல்லை.

1,800 ஆர்.பி.எம். பக்கம் வந்தா மட்டும் காதை அடைக்கிற மாதிரி ஒரு ‘பூம்’ வருது. ஷீட்டு ஒட்டியும் போகல.

போகாது. நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிப்பு. நிமிஷத்துக்கு 1,800 சுற்று என்றால் நொடிக்கு 60 வெடிப்பு. அந்த அடித்தொண்டை ஒலியின் ஒரு அலை காற்றில் ஐந்தரை மீட்டருக்கு மேல் நீளம், ஜீப்பை விட நீளம். அதை அரை இஞ்ச் ஃபோம் விழுங்கும் என்று எதிர்பார்ப்பது, ஆற்றை வேட்டியால் மறிப்பது மாதிரி.

அந்தக் குறிப்பிட்ட சுற்றில் ஏதோ ஒன்று கூடவே அதிர்கிறது. முதல் சந்தேகம் சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர், அல்லது குழாய் எங்காவது சேஸிஸைத் தொடுகிறதா என்பது. இரண்டாவது எஞ்சின் மவுண்டிங். மூன்றாவது பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே உள்ள ரப்பர்கள்: பல வருஷம் அமுங்கி, கல் மாதிரி ஆகியிருக்கும். வண்டியை நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, அதே 1,800-க்குக் கொண்டுவாருங்கள். நின்றபடியே ‘பூம்’ வந்தால் இந்த மூன்றில் ஒன்று. ஓடும்போது மட்டும் வந்தால் புரொபெல்லர் ஷாஃப்டிலிருந்து தேடுங்கள்.

எல்லாம் பண்ணி முடிச்சேன், இப்பப் புதுசா ஒரு கிரீச் சத்தம் கேக்குதே?

புதுசு இல்லை. முன்பு பெரிய சத்தம் அதை மூடியிருந்தது. திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகுதான் குழந்தை அழுவது கேட்கும். மேலே சொன்ன ஞாயிற்றுக்கிழமை வேலையை இன்னொரு முறை செய்யுங்கள். கிரீச் என்றால் பெரும்பாலும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே, அல்லது அதன் புஷ்ஷில். எனக்கு இந்த வேட்டை மூன்று மாதம் ஓடியது. கடைசியில் மிஞ்சிய ஒரு சத்தம் கிளவ் பாக்ஸில் கிடந்த சில்லறை.

வளைவுல எதிர்ல வர்ற ஹாரன் கேக்காமப் போயிராதா?

இதைக் கேட்டவர் பண்ணைக்காடு ரூட்டில் ரொம்ப வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நியாயமான கேள்வி. நாம் குறைப்பது பெரும்பாலும் தரை வழி வரும் உறுமல். அது குறைந்தால் ஹாரன் முன்பை விடத் தெளிவாகத்தான் கேட்கிறது. ஆனால் ஹார்டு டாப் போட்டு, கண்ணாடியெல்லாம் ஏற்றி, பாட்டும் போட்டுக்கொண்டால் கேட்காது. டம்டம் பாறைக்கு மேலே மேகம் இறங்கிவிட்டால் கண் உதவாது, காதுதான் வழி காட்டும். டிரைவர் பக்க ஜன்னலை நான்கு விரல் திறந்தே வைக்கிறேன், குளிர்ந்தாலும். ஏறுகிற வண்டிக்குத்தான் வழிவிட வேண்டும் என்பது மாறவில்லை. காட்டெருமை ஹாரன் அடிக்காது, அது தனிக் கதை.

பானெட்டுக்கு அடியிலயும் ஒட்டலாமா? தீப்புடிக்குமா?

ஒட்டலாம், பலன் கொஞ்சம்தான். தீப்பிடிக்காத வகை, வெளிப்பக்கம் அலுமினியத் தாள் உள்ளதாக இருக்க வேண்டும். வாங்கும் முன் ஒரு சின்னத் துண்டைக் கேட்டு வாங்கி, வெளியே வைத்துத் தீக்குச்சி காட்டுங்கள். குச்சியை எடுத்ததும் அணைந்தால் சரி, சொட்டுச் சொட்டாக எரிந்துகொண்டே இருந்தால் அந்தக் கடைக்கே திரும்பப் போக வேண்டாம். சைலன்சர் குழாய் போகும் பாதைக்கு நேர் மேலே உள்ள தரையிலும் இதே கவனம். எங்கள் ஊரில் தீயை விட எலி பெரிய எதிரி. ராத்திரி சூடான எஞ்சின் மேல் வந்து படுத்து, ஃபோமைப் பிய்த்துக் கூடு கட்டும். நான் பானெட்டில் ஒட்டியதை இரண்டாவது மாதமே கழற்றிவிட்டேன்.

நாளைக்குப் பாடியில வெல்டிங் வெக்கணும்னா என்ன பண்றது?

வெல்டிங் வைக்கும் இடத்தைச் சுற்றி ஒரு முழம் ஷீட்டை உரித்தே ஆக வேண்டும். தகரத்தின் மறுபக்கம் ஷீட் இருப்பது வெல்டருக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஃபோம் புகைய ஆரம்பித்தால் நிமிஷத்தில் சீட்டுக்கு ஏறிவிடும். உரிக்க ஹீட் கன் காட்டி, சமையலறைத் தோசைத் திருப்பியால் மெல்ல நெம்புங்கள். மிஞ்சும் பசைக்கு மண்ணெண்ணெய் தொட்ட துணி. அந்த ஈரம் முழுக்கப் போன பிறகுதான் வெல்டிங். வீட்டுத் தோசைத் திருப்பியை எடுத்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைக்காதீர்கள், எங்கள் வீட்டில் அதற்குப் பேச்சு வாங்கியது இன்னும் முடியவில்லை.